அப்பாவை யாரும் அடிக்கவில்லை

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழையும் நிறைய வரும். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் அவற்றைச் சரிசெய்து கொள்வதாகச் சொன்னார். எழுத்தைத் திருத்துங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அதையும் மீறி நிற்கும் பிழைகளுக்கு உறவினர்களும் அப்பாவின் நண்பர்களும் என்னை மன்னிக்க வேண்டும்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று உங்கள் எல்லோர் கைக்கும் ஒரு நினைவு மலர் வந்தது. அதன் மூன்றாம் பக்கத்தில், 'கடைசிக் காலத்தில் சொந்த வீட்டுக்குள்ளேயே அடிபட்டு, அதை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொண்டவர்' என்று ஒரு வரி இருந்தது. அடித்தவர் பெயர் அதில் இல்லை. ஆனால் அது என் மனைவி கஸ்தூரியைக் குறிக்கிறது என்று படித்த எல்லோருக்கும் தெரியும். அந்த வரி பொய். எழுதியவர் சித்தப்பா. அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்துவிட்டுச் சரி என்று தலையாட்டியவன் நான். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். இந்த முதலாண்டு மலரில் நான் இடம் கேட்டு வாங்கியது அந்த வரியை அழிக்கத்தான்.

அப்பா பிறந்தது ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றை ஒட்டிய ஒரு சிறிய ஊரில். பன்னிரண்டு வயதில் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்கு வந்தார். முதலில் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஊறிய தோலை இழுத்துப் போடும் வேலை. பிறகு சதை சீவும் வேலை. சாய்ந்த மரத்தின் மேல் தோலை விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் உள்பக்கத்துச் சதையைச் சீவி எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் தோல் ஓட்டையாகிவிடும். அப்பா நாற்பத்தைந்து வருஷத்தில் ஓட்டை போட்ட தோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள்.

அம்மா இறந்தபோது அப்பாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. விடியற்காலையில் எழுந்து எனக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். கடன் வாங்க மாட்டார். குடிக்க மாட்டார். கோபம் மட்டும் உண்டு. கோபம் வந்தால் கத்த மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். மூன்று நாள், ஒரு வாரம்கூட இருப்பார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுத்தில் அப்பா என்று எழுதுகிறேன்.

தன் ரத்தத்தைப் பற்றி அப்பாவுக்குப் பெருமை இருந்தது. ஷாப்பு வாசலில் டீக்கடை வைத்திருக்கும் பாய் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒரு நாள் கத்தி வழுக்கி அப்பாவின் தொடையில் இறங்கிவிட்டது. எல்லோரும் ஆஸ்பத்திரி என்று ஓடினார்களாம். அப்பா தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தூளை ஒரு கைப்பிடி அள்ளி வெட்டில் வைத்து அமுக்கி, வேட்டியைக் கிழித்துக் கட்டி, மிச்சம் இருந்த தோல்களையும் சீவி முடித்துவிட்டுத்தான் டீ குடிக்க வந்தாராம்.

"இன்னா பெரியவரே, ரத்தம் நின்னுச்சா?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"என் ரத்தம் கெட்டி ரத்தம் பாய். பட்டையைப் பாத்தாலே உறைஞ்சிடும்."

அந்த டீக்கடையில்தான் மாத்திரையும் இருந்தது. கண்ணாடிப் பாட்டிலில் மிட்டாய் போல ஆஸ்பிரின் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர்கள் காலையில் டீயோடு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்கள். சிலர் டீயிலேயே போட்டுக் கலக்கிக் குடிப்பார்கள். அதை யாரும் மருந்தாக நினைத்ததில்லை. பீடி, வெற்றிலை போல அதுவும் ஒன்று. அப்பா அப்படித்தான் ஆரம்பித்தார். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு முழங்கால் வலி அதிகமானது. இரண்டு நான்காகி, நான்கு எட்டானது.

வாங்கிக் கொடுத்தவன் நான். நானும் ஷாப்பில்தான் வேலை செய்கிறேன். சம்பள நாளான சனிக்கிழமைதோறும் மாத்திரைப் பொட்டலம் வாங்காமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை. அப்பாவிடம் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச எனக்கு வராது. யாரிடமும் வராது. பொட்டலத்தை அவர் தலைமாட்டில் வைப்பேன். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொள்வார். எங்களுக்குள் இருந்த பாசம் அதுதான்.

அறுபத்தைந்து வயதைத் தாண்டியபோது அப்பாவின் கைகளில் கறுப்புத் திட்டுகள் வரத் தொடங்கின. முழங்கைக்குக் கீழே, புறங்கையில். நாவற்பழத்தை நசுக்கி வைத்தது போல இருக்கும். முதலில் பார்த்தவள் கஸ்தூரி.

"மாமா, கையில இன்னா கறுப்பு?"

"எங்கனா இட்ச்சிக்கினு இருப்பேன். வலியே இல்ல."

இன்னொன்றும் நடந்தது. முகம் மழிக்கும்போது கன்னத்தில் சின்னக் கீறல் விழுந்தால் ரத்தம் நிற்காது. துண்டு நனைந்துவிடும். அப்பா பட்டைத்தூளை எடுத்து வைத்து அமுக்குவார். தூளையும் நனைத்துக்கொண்டு ரத்தம் வரும்.

"இன்னாடா பட்டை இது? சாரமே இல்ல. தோலுக்குக் குரோம் உப்பு போட ஆரம்பிச்சப்புறம் எவன் நல்ல பட்டை வாங்குறான்?" என்று என்னைத் திட்டினார். நான் வேறு ஷாப்பிலிருந்து நல்ல பட்டைத்தூள் கேட்டு வாங்கி வந்தேன். அதுவும் அப்படித்தான்.

கஸ்தூரி சொன்னாள்: "பட்டையில ஒண்ணும் கம்மி இல்ல மாமா. மாத்திரைதான் ஜாஸ்தி. வயிறு எரியுது வயிறு எரியுதுன்னு நீங்களே சொல்றீங்க. இனிமே பொட்டலம் எங்கிட்ட இருக்கட்டும். காலையில ஒண்ணு, ராவுக்கு ஒண்ணு."

பொட்டலத்தை எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டாள். அப்பா அன்றோடு பேச்சை நிறுத்தினார். அவள் போட்ட சோற்றைத் தின்றார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது நான்கு நாள் நீடித்தது. நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள்.

சித்தப்பாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவுக்குத் தம்பி. தோலைத் தரம் பிரிப்பவர். வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை கட்டைவிரலால் தேய்த்தால் போதும், அந்த ஆட்டை உண்ணி கடித்ததா, முள் கிழித்ததா, மேய்ப்பவன் கம்பால் அடித்தானா என்று சொல்லிவிடுவார். அடிபட்ட தோல் என்று அவர் ஒதுக்கினால் முதலாளிகூட மறுபேச்சுப் பேச மாட்டார். அவர் கண் தப்பியதில்லை என்பது ஆம்பூர் முழுக்கத் தெரியும்.

அன்று அவர் அப்பாவின் கையைப் பார்த்தார். வாசலுக்கு அழைத்துப் போய், வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலைப் பார்ப்பது போலவே கட்டைவிரலால் தேய்த்தார்.

"அண்ணா, இது அடி."

தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

"நாப்பது வருஷமா தோல் பாக்கறேன். ஆடு செத்து ஆறு மாசம் ஆனாலும் எங்க அடி வுழுந்துச்சின்னு சொல்லுவேன். என் சொந்த அண்ணன் தோலைப் பாத்தா எனக்குத் தெரியாதா? யாரு, மருமவளா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டாரு. சோறு போட்றவ அவதானே, பயம்," என்றார் சித்தி. "புள்ளையைத் தூக்காத கை. எதையாவது அடிச்சாத்தான் அடங்கும்." எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை வைத்துச் சொன்னார்.

கஸ்தூரி அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, சொல்லுங்க மாமா. நான் உங்களைத் தொட்டேனா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்பா சுவரைத்தான் பார்த்தார். அது மாத்திரைக் கோபம் என்று எனக்குத் தெரியும். கஸ்தூரிக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது வாயைத் தொறங்க. ஒரே வூட்லதானே இருக்கறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது எனக்கு வார்த்தை வராது. சித்தப்பாவின் கண் தப்பாது என்பதும் மனதில் இருந்தது. "ஆம்பளையாடா நீ?" என்றார் சித்தப்பா. நான் கஸ்தூரியை அறைந்தேன். இரண்டு முறை. உதடு பல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் வந்தது. அவள் முந்தானையால் ஒரு முறை ஒற்றினாள். நின்றுவிட்டது. அப்பாவின் ரத்தம் நிற்பதற்கு ஒரு துண்டு வேண்டியிருந்தது. அவள் ரத்தம் அப்போதே நின்றுவிட்டது. அதை நான் பார்த்தேன், ஆனால் ஒன்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குடியாத்தத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு அப்பா என்னோடு பேசிய முதல் பேச்சு இது:

"அரிசி டின்னுல பாரு. பொட்டலம் இருக்கும்."

எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு எண்ணிக் கொடுக்க ஆள் இல்லை. நான் ஒரு பொட்டலத்துக்குப் பதில் இரண்டாக வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து, அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்ப அவர் மேல்கையைப் பிடித்துத் தூக்கினேன். மெதுவாகத்தான் பிடித்தேன். மறுநாள் அந்த இடத்தில் நான்கு விரல் பதிந்திருந்தது. என் விரல்கள். என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது.

அன்றே நான் குடியாத்தத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கடைவீதிக்குப் போய் அப்பாவுக்கு இரண்டு முழுக்கைச் சட்டை வாங்கி வந்தேன். சித்தப்பா வந்தால் அடுத்த பழி என் மேல் விழும் என்று பயம்.

சட்டையைப் போட்டுவிடும்போது அப்பா கேட்டார்: "அவ அடிக்கல. உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்பப் போய்க் கூட்டிக்கினு வா."

"நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"நீயும்தான்."

நான் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடித்தேன். நாளைக்குப் போகலாம் என்று நான்கு மாதம் இருந்துவிட்டேன்.

அந்த நாட்களில் அப்பா தன் ரத்தத்தைக் கெட்டியாக்க வேண்டும் என்று ஆவாரம்பட்டையைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடிக்க ஆரம்பித்தார். வெட்டில் வைத்தால் ரத்தத்தை நிறுத்துவது, குடித்தால் உள்ளேயும் நிறுத்தும் என்பது அவர் கணக்கு. ஒரு நாள் சொன்னார்: "வெளிக்குக் கறுப்பாப் போவுதுடா. தார் மாதிரி."

"எதுல காய்ச்சறீங்க?"

"இரும்புச் சட்டியில."

நாங்கள் இருவரும் சிரித்தோம். பட்டைச் சாறு இரும்பில் பட்டால் கறுத்துவிடும். ஷாப்பில் வேலை செய்கிறவன் எவனுக்கும் அது தெரியும். தோல் ஊறும் தொட்டியில் ஒரு ஆணி விழுந்தாலே தோல் கறுத்துப்போகும். இரும்புச் சட்டிதான் காரணம் என்று மண்சட்டி வாங்கிக் கொடுத்தேன். மண்சட்டியில் காய்ச்சிக் குடித்தும் கறுப்பு நிற்கவில்லை. அதற்குள் அப்பாவுக்கு நடந்தால் கண் இருட்டியது. வயசு என்று நினைத்தோம்.

ஆவணி பிறந்த சில நாளில், காலை டீ குடித்த உடனே அப்பா வாந்தி எடுத்தார். காப்பித்தூள் கரைத்தது போல வந்தது. இரண்டாவது முறை சிவப்பாகவே வந்தது. டீக்கடை பாய் ஒரு வேன் பிடித்து வந்து, அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு எங்களோடு வந்தார்.

அங்கே ஒரு பெண் டாக்டர் அப்பாவின் சட்டையைக் கழற்றச் சொன்னார். நான் தயங்கினேன். கழற்றிப் பார்த்துவிட்டு அவர் அதிரவில்லை. யார் அடித்தது என்று கேட்கவும் இல்லை.

"தினமும் ஆஸ்பிரின் சாப்பிடறாரா?" என்றுதான் கேட்டார்.

"ஆமாங்க. இருபது வருஷமா."

"எத்தனை?"

"இப்ப எட்டு, பத்து."

அவர் அப்பாவின் கையைத் தடவியபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வயசானா தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சிடும். ரத்தக் குழாயைத் தாங்கிப் பிடிக்கிற பிடிமானம் போயிடும். கட்டில் சட்டம் லேசாப் பட்டாலும் உள்ளே உடைஞ்சு ரத்தம் கசியும். இந்த மாத்திரை ரத்தத்தை உறைய விடாது. ஒண்ணு போட்டாலே அந்தக் கெடுதல் ஒரு வாரம் பத்து நாள் நிக்கும். இவரு தினம் போட்டிருக்காரு. அதே மாத்திரை வயித்தையும் புண்ணாக்கியிருக்கு. புண்ணுல ரத்தம் நிக்காமக் கசிஞ்சதுதான் கறுப்பா வெளியே போயிருக்கு."

"அடிபட்டதுன்னு சொன்னாங்க," என்றேன்.

"அடிபட்டா வீங்கும், வலிக்கும். அப்புறம் பச்சையாகும், மஞ்சளாகும். இது வீங்கலை, நிறமும் அப்படி மாறலை. பழைய திட்டு பாருங்க, துருக்கறை மாதிரி பழுப்பா நிக்குது. இவரை யாரும் அடிக்கலை. மாத்திரை யார் வாங்கிக் குடுத்தது?"

"நான்தாங்க."

அவர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

ஷாப்பிலிருந்து இரண்டு பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் ஏற்றினார்கள், மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்தது. மூன்றாம் நாள் மதியம் அப்பா போய்விட்டார். கடைசி வரை நினைவு இருந்தது. "மருமவ வந்துட்டாளா?" என்று இரண்டு முறை கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்று இரண்டு முறையும் பொய் சொன்னேன். நான் அவளுக்குச் சொல்லி அனுப்பவே இல்லை. பாய்தான் ஆள் அனுப்பியிருந்தார்.

அடக்கத்துக்கு அவள் வந்து சேர்ந்தாள். அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். எல்லோரும் ஊற்றிய பிறகு அவளும் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்தாள். சித்தப்பா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"அடிச்ச கையால ஊத்தாதே."

சொம்பு உருண்டு என் காலில் வந்து நின்றது. டாக்டர் சொன்னது அத்தனையும் என் நெஞ்சில் இருந்தது. மூன்று நாளுக்கு முன்தான் கேட்டது. நான் குனிந்து சொம்பை எடுத்து ஓரமாக வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் அவளை அறைந்ததைவிட இதுதான் பெரிய தப்பு என்று நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வராதவர்களுக்கெல்லாம் சித்தப்பா மலரைத் தபாலில் அனுப்பினார். குடியாத்தத்துக்கும் ஒன்று போயிருக்கிறது. புரட்டாசியில் நான் அங்கே போனபோது அது கஸ்தூரியின் பக்கத்தில் இருந்தது. அவள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. வேலையை நிறுத்தவும் இல்லை. அவள் அம்மாதான் பேசினார்: "நீ அடிச்ச கன்னம் பச்சையாச்சு, அப்புறம் மஞ்சளாச்சு. பதினைஞ்சு நாள் முக்காடு போட்டுக்கினு இருந்தா."

பிறகு கஸ்தூரி கேட்டாள்: "நான் இங்க வந்தப்புறமும் மாமாவுக்குக் கறுப்பு வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டு வாரத்துல."

பசையில் இருந்த விரல் நின்றது. மறுபடி ஒட்ட ஆரம்பித்தாள். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். கேட்டு முடித்து, மலரை என் பக்கம் தள்ளினாள்.

"இது எத்தினி வூட்ல இருக்குதோ, அத்தினி வூட்டுக்கும் போற மாதிரி நீ எழுதிக் குடு. இதே மாதிரி அச்சுல. வாயால சொல்ல உனக்கு வராது, அது எனக்குத் தெரியும். எழுது. வர்றேனா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்."

அன்றுதான் முதன்முதலாக என்னை நீ என்று கூப்பிட்டாள்.

எழுதும் முன் சித்தப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக் கையை மேலே சுருட்டினார். நாவற்பழ நிறத்தில் மூன்று திட்டு இருந்தது.

"இதுவும் அதானாடா?"

"டீயில மாத்திரை போட்றீங்களா?"

"ரெண்டே ரெண்டு. உங்கப்பன் மாதிரி இல்ல."

சொல்லிவிட்டுச் சட்டைக் கையை அவசரமாகக் கீழே இறக்கினார். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. பெரியவரைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்படக் கூடாதுதான். இருந்தது, எழுதிவிட்டேன். வேலூருக்குப் போய்க் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் திட்டுகளுக்காக அவர் வீட்டு மருமகளை யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம்.

அப்பாவின் கடைசி நாட்களில் உதவியவர்களுக்கு என் நன்றி. வேன் பிடித்து, தன் சட்டையெல்லாம் ரத்தமாக வேலூர் வரை வந்த டீக்கடை பாய்க்கு. அவர் இப்போது கடையில் மாத்திரைப் பாட்டில் வைப்பதில்லை. ரத்தம் கொடுத்த இரண்டு தோழர்களுக்கு. பொறுமையாக எடுத்துச் சொன்ன டாக்டர் அம்மாவுக்கு. தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கு. எல்லோருக்கும் மேலாக, அப்பாவுக்குக் காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று எண்ணிக் கொடுத்த கஸ்தூரிக்கு. அவளை அப்படியே விட்டிருந்தால் அப்பா இன்னும் சில காலம் இருந்திருப்பார்.

பழைய மலர் வைத்திருப்பவர்கள் அதைக் கிழிக்க வேண்டாம். மூன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் இதை வையுங்கள்.

இந்த மலரின் முதல் பிரதியை நானே பஸ்ஸில் குடியாத்தத்துக்கு எடுத்துப் போகிறேன். கஸ்தூரி எட்டாவது வரை படித்தவள். வாசலில் நின்று, அவள் படித்து முடிக்கும் வரை காத்திருப்பேன். அவள் வரலாம், வராமலும் போகலாம். என்னைக் கேட்டால் வர வேண்டாம் என்றுதான் அவளிடம் சொல்ல வேண்டும். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

அவள் எழுதச் சொன்னது போன புரட்டாசியில். நான் எழுதி முடித்தது,

ஆம்பூர்,
7-8-1983